பரண்மேல் துப்பாக்கி

ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேற்கே, வருஷநாட்டு மலையடிவாரம் வரைக்கும் உள்ள ஊர்களில், பழைய காரை வீட்டுப் பரணில் ஒரு துப்பாக்கி கிடந்தால் அதனுடன் ஒரு கதையும் கிடக்கும். பாட்டனாருக்குக் கண்டமனூர் ஜமீனில் கொடுத்தது என்பார்கள்; போடி ஜமீன் வேட்டையில் புலியைச் சுட்டது என்பார்கள். கட்டபொம்மன் காலத்தில் வெள்ளைக்காரனிடமிருந்து பறித்தது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. கதை எழுதிப் பிழைக்கிற நான் இதையெல்லாம் ஆட்சேபிக்கக் கூடாதுதான். ஆனால் துப்பாக்கியின் மேலேயே வேறொரு கதை வெட்டியிருக்கிறதே, அதையும் படிக்க வேண்டாமா?

படிக்குமுன் ஒரு ஜாக்கிரதை. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்குள் எந்தத் தாத்தாவோ கெட்டித்த மருந்து அப்படியே இருக்கக்கூடும். கரிமருந்து நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். ஒரு குச்சியைக் குழலுக்குள் விட்டு, முட்டுகிற இடத்தில் அடையாளம் செய்து, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். அடிப்பாகம் வரை எட்டாமல் நாலு விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் விஷயம் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். துருவோடு எழுத்தும் போய்விடும்.

இனி, குதிரையைப் பாருங்கள். அதன் வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் அமைப்பும், கீழே மருந்து வைக்கச் சிறு கிண்ணமும் இருந்தால் கட்டபொம்மன் கதைக்கு இடமுண்டு. குதிரை வெறும் சுத்தியலாக இறங்கி ஒரு முளையின்மேல் கேப்பை அடிக்கிறதென்றால் கதை அங்கேயே முடிந்தது. கட்டபொம்மன் தூக்கில் ஏறியது 1799இல். இடித்தால் தீப்பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் உரிமையை ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத் பதிவு செய்தது 1807இல். பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு கேப் துப்பாக்கி வந்தது 1840ஐ ஒட்டித்தான்.

எனக்குத் தெரிந்த உறவினர் வீட்டுத் துப்பாக்கியில் கேப் முளைதான் இருந்தது. குதிரைக்குப் பக்கத்துத் தகட்டில் ஒரு கிரீடம், ஆங்கிலத்தில் ‘டவர்’ என்ற சொல், 1862 என்ற வருஷம். டவர் என்றால் லண்டன் கோட்டை. அங்கே செய்தது என்று அர்த்தமில்லை. பர்மிங்ஹாம் பட்டறைக்காரர்கள் செய்ததை சர்க்கார் பரிசோதித்து ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். (இந்த முத்திரைக்கு இருந்த மவுசில் கைபர் கணவாய்க் கொல்லர்கள் இதையும் பார்த்து வெட்டினார்கள். இங்கிலீஷ் தெரியாததால் சில எழுத்துக்களைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.)

பார்வைக்கு அது 1853ஆம் வருஷத்து என்ஃபீல்டு ரைபிள். 1857இல் எந்தத் தோட்டாவின் கொழுப்பைப் பற்றிச் சிப்பாய்கள் கொதித்தார்களோ, அந்தத் தோட்டா இந்த ரைபிளுக்கானதுதான். ரைபிள் என்றால் குழலுக்குள் சுரிப்பள்ளம் இருக்க வேண்டும். என்ஃபீல்டில் மூன்று பள்ளங்கள். அவை குண்டைச் சுழற்றி அனுப்புவதால்தான் குறி தப்பாது. டார்ச் அடித்துப் பார்த்தால், இதில் ஒரு பள்ளமும் இல்லை. தேய்ந்துபோனதோ என்று கேட்டார் உறவினர்.

தேயவில்லை, கலகம் அடங்கியபின் வெள்ளைக்காரன் செய்த காரியம் அது. சுதேசிச் சிப்பாயிடம் இனி நல்ல ரைபிளைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தான். வெளியே பார்த்தால் அதே என்ஃபீல்டு, உள்ளே.577 அங்குலத் துளைக்குப் பதிலாகச் சுரியில்லாத .656 அங்குலத் துளை. தூரம் பார்த்துக் குறிவைக்கும் ஏணியும் கிடையாது. வெள்ளைச் சோல்ஜர் பல நூறு கஜத்துக்கு அப்பால் சுடுவான். பக்கத்தில் நிற்கும் நம் ஆள் நூறு கஜத்துக்கே திண்டாடுவான். அதற்குப் பிறகும் இதே வழக்கம்தான். வெள்ளையனுக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபின் சிப்பாய்க்கு ஸ்னைடர். வெள்ளையனுக்கு லீ-மெட்ஃபோர்டு வந்தபின் சிப்பாய்க்கு மார்ட்டினி-ஹென்றி. எப்போதும் ஒரு தலைமுறை பின்னால்.

இந்த அவநம்பிக்கை தென்பாண்டிச் சீமைக்குப் புதிதல்ல. மருதிருவரைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பர் முதல் தேதி, கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையக்காரர்களின் கோட்டைகளையும் ஆயுதங்களையும் ஒழிக்கப் பிரகடனம் போட்டான். 1878இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரனுக்கு விதிவிலக்கு, நமக்கு லைசென்ஸ்.

அந்த லைசென்ஸ் யாருக்குக் கிடைத்தது என்பதுதான் பரண்மேல் துப்பாக்கி சொல்லும் முக்கியமான சங்கதி. சர்க்கார் நம்பியவருக்குக் கிடைத்தது. கிஸ்தி ஒழுங்காகக் கட்டியவர், கிராம அதிகாரம் பார்த்தவர், காட்டுப்பன்றி மேயும் அளவுக்கு நிலம் வைத்திருந்தவர். ஆகவே முத்திரை போட்ட துப்பாக்கி லைசென்ஸோடு மூன்று தலைமுறை வீட்டில் இருந்தது என்றால், பாட்டனார் வெள்ளைக்காரனை எதிர்த்தார் என்பதற்கு அது சாட்சியல்ல. பெரும்பாலும் நேர்மாறான சாட்சி. உறவினருக்கு இதைக் கேட்க ரசிக்கவில்லை.

கணவாய்க்குக் கிழக்கே, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் பரணில் பார்க்க ஒன்றும் இராது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை வைக்க மறுத்த அந்த ஊரில், 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டார்கள்.

வீட்டில் துப்பாக்கி இருப்பவர்கள் அதன் பழைய லைசென்ஸ் காகிதத்தையும் தேடிப் பார்க்கலாம். 1959ஆம் வருஷச் சட்டப்படி, எப்படிப் பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. சுடக்கூடியதென்றால் வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். கலெக்டர் ஆபீஸில் அவர்கள் முதலில் கேட்பதும் அந்தக் காகிதத்தைத்தான்.