பாக் நீரிணையின் படகுத் தடங்களும் பிறழ்வு கண்டறிதலும்

பாம்பன் பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியில் பொருத்தியிருந்த உணரிகள் 2022 டிசம்பரில் அபாய எச்சரிக்கை விடுத்தன. ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்குப் பயணிகள் ரயில் வரவில்லை. பிறழ்வு கண்டறிதல் முறை தன் கடமையைச் சரியாகச் செய்ததற்கு இது நல்ல சான்று. இரும்பின் அதிர்வு நேற்று எப்படி இருந்ததோ இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும், மாறினால் பழுது. ஆனால் அதே கணிதத்தை அந்தப் பாலத்தின் கீழே கடந்துபோகும் படகுகளின் மீது ஏற்றும்போது அடிப்படையே மாறிவிடுகிறது. பாக் நீரிணையில் அரிதாக நடப்பதையும் தவறாக நடப்பதையும் ஒன்றாக எண்ணும் எந்த முறையும் அரசுக்கும் உதவாது, மீனவருக்கும் உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கண்காணிப்பின் தேவையை மறுப்பதற்கில்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் குஜராத்தின் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி அதில்தான் வந்தார்கள். படகு அசலானது, அதன் பதிவும் அசலானது. போக்கு மட்டுமே வேறு. அடையாளத்தைச் சரிபார்த்தால் போதாது, நடத்தையையும் படிக்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது. மீன்பிடிக் கலங்களில் செயற்கைக்கோள் வழியே இருவழித் தகவல் பரிமாறும் டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது. இலக்கு ஒரு லட்சம் கலங்கள். இத்தனை கலங்களின் தடங்களை மனிதக் கண்களால் மட்டும் பார்த்து முடிக்க முடியாது. ஏதோ ஒரு நிரல்தான் சலித்தெடுக்க வேண்டும்.

அந்த நிரல் எதைக் கற்கும்? கணினி ஊடுருவலைக் கண்டறிய டோரதி டென்னிங் 1987இல் முன்வைத்த மாதிரி, பயனரின் வழக்கமான நடத்தையைக் கற்று, அதிலிருந்து விலகுவதைச் சந்தேகிக்கச் சொன்னது. 2009இல் சந்தோலாவும் பானர்ஜியும் குமாரும் எழுதிய விரிவான மதிப்பாய்வு, பிறழ்வுகளை மூன்றாகப் பிரித்தது: தனிப்புள்ளியாகத் தெரிபவை, சூழலை வைத்தே தெரிபவை, கூட்டாகப் பார்த்தால் மட்டும் தெரிபவை. ராமேஸ்வரம் கடலில் முதல் வகைக்கு மதிப்பு குறைவு. மற்ற இரண்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பாக் நீரிணையில் வாரத்தின் சில நாட்கள் விசைப்படகுகளுக்கும் மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கும் என்று நீண்டகாலமாக முறை வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். புயல் எச்சரிக்கை வந்தால் மீன்துறை கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன் கொடுக்காது. இலங்கைக் கடற்படை மீனவர்களைச் சிறைபிடித்தால் வேலைநிறுத்தம். துறைமுகமே அசையாமல் நிற்கும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கோ, அனுமதி பெற்ற படகுகள் பக்தர்களோடு வரிசையாக எல்லையைக் கடக்கும். இந்த நாட்காட்டியை அறியாத நிரல் வேலைநிறுத்தத்தைக் கருவிப் பழுதென்றும் திருவிழாவை ஊடுருவலென்றும் படிக்கும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த கடல் எல்லை, தனுஷ்கோடியிலிருந்து சில கடல் மைல்களிலேயே இருக்கிறது. அதைத் தாண்டுவது இங்கே நெடுங்காலமாக நடந்துவருவது. எனவே தரவிலிருந்து மட்டும் கற்கும் நிரல், எல்லை தாண்டுவதையும் வழக்கத்தின் பகுதியாகவே கற்றுக்கொள்ளும். எல்லையைத் தனி விதியாக எழுதிவைக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் புள்ளியியலிடம் விடக்கூடாது. புள்ளியியல் உண்மையில் உதவக்கூடிய இடம் வேறு. வழக்கமாக விடியலில் கரை திரும்பும் படகு காங்கேசன்துறையையோ தலைமன்னாரையோ நோக்கிச் சீரான வேகத்தில் போகத் தொடங்கினால், அது பிடிபட்டிருக்கலாம். அந்தச் செய்தி குடும்பத்துக்கும் மீன்துறைக்கும் சில மணி நேரம் முன்னதாகக் கிடைப்பது பெரிய உதவி. இந்தப் பயனைத் திட்ட விவாதங்களின் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொய் எச்சரிக்கைகளின் கணக்கையும் பார்க்க வேண்டும். படகுகளிலிருந்து வரும் பத்து லட்சம் இருப்பிடச் சமிக்ஞைகளில் 100 மட்டுமே போலி என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சமிக்ஞையையும் 99 விழுக்காடு சரியாக இனங்காணும் நிரல் 99 போலிகளைப் பிடிக்கும். கூடவே 9,999 உண்மைச் சமிக்ஞைகளையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கும். நூறு எச்சரிக்கைகளில் ஒன்றுகூட மெய்யாக இராது. ஊடுருவல் கண்டறிதலின் இந்த வரம்பை ஸ்டெஃபான் ஆக்ஸெல்சன் 1999இலேயே விளக்கிவிட்டார். ஆய்வகத்தில் எண் விளையாட்டாகத் தோன்றும் இது, கடலில் ஒவ்வொரு முறையும் ஒரு படகை நிறுத்தி விசாரிப்பதாக முடியும்.

போலிகளைப் பிடிக்க எளிய சோதனைகளே முதலில் வேண்டும். கப்பல்கள் பயன்படுத்தும் தானியங்கி அடையாள முறையின் ஒலிபரப்பில் மறையாக்கமும் இல்லை, அனுப்புநரை மெய்ப்பிக்கும் வழியும் இல்லை. 2021 ஜூனில் பிரிட்டனின் ‘டிஃபெண்டர்’ போர்க்கப்பல் ஒடெசா துறைமுகத்தில் நின்றபோதே, செவஸ்தபோல் நோக்கிப் போனதாகப் பொய்த்தடம் பரவியது. அதை அம்பலப்படுத்தியது துறைமுகத்தின் நேரடிக் கேமரா. இரண்டு அடுத்தடுத்த இருப்பிடங்களுக்கிடையே படகால் செல்லக்கூடிய வேகமா, ரேடாரில் அது தெரிகிறதா, ஒரே எண் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் ஒலிக்கிறதா என்று கேட்பது, விளக்கம் சொல்ல முடியாத நரம்பியல் வலையமைப்பைவிட நம்பகமானது. நீதிமன்றத்தில் எடுத்துச்சொல்லவும் அதுவே ஏற்றது.

தடங்களைக் காப்பதும் தரவுப் பாதுகாப்பின் பாதி. எங்கே மீன்பாடு என்பது தொழில் ரகசியம். எங்கே எல்லை தாண்டினார் என்பது அயல்நாட்டு வழக்கில் சாட்சியம். இரண்டும் ஒரே கோப்பில் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, இறையாண்மை, பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்காக அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. தன் தடம் யாரிடம் போகிறதென்று தெரியாதவர் கருவியை அணைத்துவிடுவார். அந்த மௌனத்தை நிரல் குற்றமாகப் படித்தால், மின்கலம் தீர்ந்தவரும் அஞ்சியவரும் கடத்தல்காரரும் ஒரே பட்டியலில் சேர்வார்கள்.

ஆகவே டோக்கன் பதிவேட்டையும் முறைநாட்களையும் திருவிழா அனுமதிகளையும் பயிற்சித் தரவோடு இணைக்க வேண்டும். எந்த எச்சரிக்கை மெய், எது பொய் என்று குறிக்கும் பணியில் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் மீனவர் சங்கங்களுக்கு இடம் வேண்டும். ஒரு தடத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்பதை, படகில் கருவியைப் பொருத்துவதற்கு முன்பே அரசு தமிழில் எழுதி மீனவரிடம் கொடுக்க வேண்டும்.