பஞ்சாரமும் கொத்தவாலும்: கோழிக்குஞ்சுக் காவலின் சொல்வரலாறு

இந்தியாவில் இரைகொல்லிப் பறவைகளைப் பற்றிய எழுத்து வரலாறு பெரும்பாலும் அரண்மனையின் வரலாறே. குமாயூன் அரசர் ருத்ரதேவர் இயற்றிய 'சியைனிக சாஸ்திரம்' என்னும் வடமொழி நூல் பருந்தினப் பறவைகளைப் பழக்கி வேட்டையாடும் கலையை விளக்குகிறது. அக்பர் அவையின் வேட்டைப் பறவைகளை அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் விரித்துரைக்கிறார். இவற்றில் பருந்தினம் மன்னரின் துணை; அதன் வேகம் வியப்புக்குரியது. அதே வேகத்தால் குஞ்சை இழந்த வீட்டுக்காரியின் குரலை இத்தகைய நூல்களில் தேடிப் பயனில்லை. நாம் வல்லூறு என்று அழைக்கும் பறவைக்கு இந்துஸ்தானியில் வழங்கும் 'ஷிக்ரா' என்னும் பெயரே வேட்டையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு உறவுடையது. பெயரிட்டவர் வேட்டைக்காரர் பக்கம் நின்று பெயரிட்டிருக்கிறார். 'கோழிகளை அலைக்கழிப்பது' என்று பொருள்படப் பூனைப்பருந்து ஒன்றுக்குப் பெயர் வைத்த ஆங்கிலேய உழவரின் நோக்கு இதற்கு நேர் எதிரானது.

காலனியச் சட்டமும் முற்றத்தைப் பார்க்கவில்லை. 1912-ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை, வாத்து ஆகியன உண்டு. இறகு வணிகத்தால் அழிந்த கொக்கினங்களும் மீன்கொத்திகளும் உண்டு. வேட்டைக்கும் வணிகத்துக்கும் வேண்டியவையே அதன் கருத்தில் இருந்தன. பருந்தும் வல்லூறும் இல்லை. அவற்றையும் காக்கும் காலம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்தது. அழுகிய ஊனை அகற்றும் பருந்தைக் காப்பது தேவையே. ஆயினும் கோழிக்குஞ்சைக் காக்கும் பொறுப்பு எக்காலத்திலும் வீட்டின் மீதே இருந்துவந்துள்ளது.

அந்தப் பொறுப்பு எவ்வாறு நிறைவேறியது? ஏடுகள் சொல்லாததைச் சொற்கள் சொல்கின்றன.

முதலில் கூடை. தமிழில் 'பஞ்சாரம்', கூண்டைக் குறிக்கும் 'பஞ்சர' என்னும் வடசொல்லின் வழிவந்தது. இந்தியின் 'பிஞ்ச்ரா'வும் அதே மூலத்தது. ஆனால் வட இந்தியச் சிற்றூர்களில் கோழியைக் கவிழ்த்து மூடும் கூடைக்கு 'டாப்பா' என்று தனிச்சொல் உண்டு. அடைக்கும் கூட்டுக்கு 'தர்பா' என்பது வேறு சொல். மராத்தியில் அடைகூடு 'குராடா'. பகலில் வானத்து எதிரிக்கு எதிராகக் கவிழ்க்கும் கூடையும், இரவில் பூனைக்கும் நரிக்கும் எதிராக அடைக்கும் கூடும் வெவ்வேறு கருவிகள். எனவே வெவ்வேறு சொற்கள். சேவலை மூடிவைத்தாலும் விடியாமல் போகாது என்பது மராத்தியர் நாவில் வழங்கும் பழமொழி. உண்மையை மறைக்க இயலாது என்பது அதன் கருத்து. அது பருந்தை எண்ணிப் பிறந்ததன்று. ஆயினும் கோழியை மூடுதல் எத்துணை அன்றாடச் செயலாக இருந்தால் அது ஓர் உண்மைக்கு உவமையாகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது காவல், மரத்தில் இருப்பது. தன் கூட்டருகே வரும் காகத்தையும் பருந்தையும் துரத்தித் தாக்கும் கரிச்சானுக்கு இந்தியிலும் மராத்தியிலும் 'கோத்வால்' என்று பெயர். கோட்டைக் காவலரைக் குறித்த பழஞ்சொல் பின்னர் நகரக் காவல் தலைவரின் பதவிப் பெயராயிற்று. சென்னையின் கொத்தவால் சாவடியிலும் அதுவே வாழ்கிறது. தமிழில் இப்பறவைக்கு 'வலியன்' என்றும் பெயர் உண்டு. திருவிளையாடற் புராணம் காகங்களால் துன்புற்ற கரிக்குருவி இறையருளால் வலிமை பெற்ற கதையைக் கூறுகிறது. வடக்கே ஆட்சி அமைப்பிலிருந்தும் தெற்கே தலபுராணத்திலிருந்தும் பெயர் பிறந்தாலும், இரண்டும் ஒரே நடத்தையைக் கண்டு பிறந்தவை. சாதுவான சிறு பறவைகள் கரிச்சானின் கூட்டருகே கூடு கட்டுவதைப் பறவையியலாளர் பதிவு செய்துள்ளனர். முற்றத்து மரத்தில் அது கூடுகட்டினால் அந்நிழல் குஞ்சுகளுக்கும் கிட்டும். ஆனால் இக்காவல் அது கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கும் மாதங்களுக்கே உரியது.

மூன்றாவது காவல், கோழியின் குரல். மாலையில் வேலியருகே வந்த காட்டுப்பூனைக்கு அஞ்சித் தாய்க்கோழி குஞ்சுகளை அழைக்கும் காட்சியைக் குறுந்தொகை 139-ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் உவமையாக்கியிருக்கிறார். 1993-இல் கிறிஸ் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, சேவல் வான் எதிரிக்கு ஒரு குரலும் தரை எதிரிக்கு வேறொரு குரலும் எழுப்புவதைக் காட்டியது. எதிரியைக் காணாது குரற்பதிவை மட்டும் கேட்ட பெட்டைகள் முன்னதற்கு ஓடிப் பதுங்கி மேலே நோக்கின; பின்னதற்கு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தன. மொழியியல் மாணவர்க்கு இது குறிப்பீட்டுச் சிக்கல். வளர்ப்பவர்க்கோ சேவலை விற்காமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம்.

இவை பழங்கதைகள் அல்ல. 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 85.18 கோடி வளர்ப்புப் பறவைகளில் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடையில் வளர்வன. 2012-ஐ விட இது சுமார் 46 விழுக்காடு மிகுதி. பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்து அடைகாத்த கோழியிடமிருந்து மூன்று குஞ்சு பறிபோனால், பெரும்பாலும் பெண்கள் கையாளும் அச்சிறு வருவாயில் நான்கில் ஒரு பங்கு போயிற்று. ஐதராபாத்தின் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'வனராஜா' இனத்தின் பலவண்ண இறகும் நீண்ட காலும் எதிரியின் கண்ணுக்குத் தப்பவும் ஓடவும் உதவுவன என்று கருதப்படுகின்றன. அரசுத் திட்டங்களில் குஞ்சுகள் தாய் அலகுகளில் நான்கு வாரம் வளர்ந்தபின் பயனாளிக்கு வருகின்றன. மிக மெலிந்த பருவம் கூரைக்குள் கழிந்துவிடுகிறது என்பது நன்மை. ஆனால் அவை தாய்க்கோழியின் சிறகையும் எச்சரிக்கைக் குரலையும் அறியாமலே திறந்த வானத்தின் கீழ் இறங்குகின்றன. இனத்தை வழங்கும் திட்டம் கூடையையும் மரத்தையும் சேவலையும் கணக்கில் கொள்ளாவிடில், இழப்பு மீண்டும் ஏடுகளுக்கு வெளியே நிற்கும்.

நெகிழி வலையும் இரும்புக் கூண்டும் வந்தபின் இக்கூடைகளை முடைவோர் குறைகின்றனர்; பொருள் மறைந்தால் சொல்லும் மறையும். வட்டார அகராதித் தொகுப்பில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் மூன்று கேள்விகளைத் தம் வினாநிரலில் சேர்க்க வேண்டுகிறேன்: கோழியை மூடும் கூடைக்கு என்ன பெயர்? பருந்தை ஓட்ட எழுப்பும் கூச்சல் எது? கரிச்சானை எப்படி அழைக்கிறார்கள்? விடைகளைப் பெரும்பாலும் பெண்களிடமே கேட்க வேண்டியிருக்கும். உங்கள் ஊர்ச் சொற்களைப் பின்னூட்டத்தில் ஊர்ப்பெயருடன் பதிவிடுங்கள்.