தோல் மியூகார்மைகோசிஸ்

மண்ணிலும் மட்கும் இலைதழையிலும் வாழும் மியூகாரேல்ஸ் வரிசைப் பூஞ்சைகள் வெட்டுக்காயம், தீப்புண், ஊசி போட்ட இடம் முதலியவற்றின் வழியே தோலில் புகுந்து உண்டாக்கும் கடும் நோய். இதே பூஞ்சைகள் மூக்கையும் கண்ணையும் தாக்கும்போது அது ‘கறுப்புப் பூஞ்சை’ எனப்படுகிறது. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. கட்டுப்படாத சர்க்கரை நோய், இரத்தப் புற்றுநோய், உறுப்பு மாற்று, நெடுநாள் ஸ்டீராய்டு ஆகியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களே பெரும்பாலும் இதற்கு ஆளாகிறார்கள். மண் புகுந்த ஆழமான காயத்தால் திடகாத்திரமானவர்களுக்கும் வருவதுண்டு.

நோய் முற்றும் விதம்: உள்ளே புகும் பூஞ்சை வித்துகளை வெள்ளணுக்கள் அழித்துவிடும். சர்க்கரை மிகுந்து இரத்தம் அமிலத்தன்மை அடைந்தால் வெள்ளணுக்களின் வேகம் குறைகிறது. புரதத்தோடு பிணைந்திருந்த இரும்புச்சத்தும் விடுபட்டுப் பூஞ்சைக்கு உணவாகிறது. பூஞ்சை இழைகள் இரத்தக் குழாய்களைத் துளைத்து அடைப்பதால் சதை செத்துக் கறுக்கிறது. இரத்தம் எட்டாத அந்த இடத்துக்கு மருந்தும் எட்டாது.

வரலாறு: மனிதருக்கு இந்நோய் வந்ததைப் பால்டாஃப் என்ற மருத்துவர் 1885இல் விரிவாகப் பதிவு செய்தார். 1943இல் சர்க்கரை நோயாளிகள் மூவரிடம் கண், மூளைத் தாக்குதல் விவரிக்கப்பட்டது. தோலைத் தாக்கும் முக்கியப் பூஞ்சைகளில் இரண்டு இந்திய மண்ணில்தான் முதலில் இனங்காணப்பட்டன. பூஞ்சை ஆய்வாளர் சக்சேனா மத்தியப் பிரதேச வனமண்ணிலிருந்து பிரித்தெடுத்த சக்சேனேயா வாசிபார்மிஸ் 1953இல் வெளியானது. வட இந்திய மாந்தோப்பு மண்ணில் கிடைத்த அபோபைசோமைசிஸ் எலிகன்ஸ் 1979இல் விவரிக்கப்பட்டது.

இதே காலத்தில் மருத்துவம் வளர வளர நோய்க்கு இடம் தரும் உடல்களும் பெருகின. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் சிறுநீரக மாற்று தொடங்கியது. உறுப்பைக் காக்கும் மருந்தே எதிர்ப்பாற்றலைத் தணித்தது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க மருத்துவமனைகளில் பூஞ்சை படிந்த ஒட்டுக்கட்டுகளே தோல் தொற்றுக்குக் காரணமாயின. 2004 ஆழிப்பேரலையில் இலங்கையில் காயமுற்ற ஒருவருக்கும் இந்நோய் கண்டது. கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 மே மாதம், தமிழக அரசு கறுப்புப் பூஞ்சையை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் நாட்டில் 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்ததே பலருக்குக் காரணம்.

மருத்துவம்: சதைத் துணுக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், தடுப்புச் சுவர்கள் அரிதான, அகன்ற, நாடா போன்ற இழைகள் அன்றைக்கே தெரியும். செத்த சதையை வெட்டி அகற்றுவதும், ஆம்போடெரிசின்-பி மருந்தும், சர்க்கரைக் கட்டுப்பாடும் ஒருசேர வேண்டும். பின்னர் போசகொனசோல், ஐசவுகொனசோல் மருந்துகளும் வந்தன. 929 நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்து 2005இல் வெளியான ஆய்வில் தோல் தாக்குதல் 19 விழுக்காடு. தோலோடு நின்றவர்களில் இறந்தோர் 10 விழுக்காடு. உடலெங்கும் பரவியவர்களில் 94 விழுக்காடு. ஆறாமல் ஓரம் கறுக்கும் புண்ணைச் சர்க்கரைப் புண் என்று நாள் கடத்தாமல் சதைப் பரிசோதனைக்கு அனுப்புவதன் அவசியம் இந்த இரு இறப்பு விகிதங்களின் இடைவெளியில் தெரிகிறது.