எல்லை கடந்த செய்தி

இரு நாடுகள் நட்புக் கொள்ளும்போது முதலில் வாணிகம் வளர்கிறது. பின்னர் படைகள் தோளோடு தோள் நிற்கின்றன. இரகசியங்கள் கைமாறுவது எல்லாவற்றிற்கும் இறுதியில்தான். ஓர் அரசு தன் உளவுச் செய்தியை மற்றோர் அரசிடம் ஒப்படைப்பது அமானிதம் போன்றது. பெற்றவர் அதனை எவ்வாறு காப்பார், எவருக்குக் காட்டுவார், எதற்குப் பயன்படுத்துவார் என்னும் வினாக்களுக்கு முன்கூட்டியே விடை கண்டாக வேண்டும். விடைகள் ஏட்டில் இருந்தும் நடைமுறையில் கைவிடப்பட்டால் என்ன நேரும் என்பதற்குக் கனடா, அமெரிக்கா ஆகிய இரு நட்பு நாடுகளின் அண்மைக்கால வரலாறே சான்று.

நட்பும் நிபந்தனையும்

இரண்டாம் உலகப் போரில் தோன்றிய உளவுக் கூட்டுறவு, போர் முடிந்த பின்னும் நிலைத்தது. 1946 மார்ச் 5 அன்று பிரிட்டனும் அமெரிக்காவும் இரகசிய உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. 1949இல் கனடாவும் அமெரிக்காவுடன் இத்தகைய உடன்பாடு கண்டது. 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வாசகம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2010ஆம் ஆண்டில்தான்.

இத்தகைய கூட்டுறவுகள் அனைத்திற்கும் அடிப்படையான விதி ஒன்று உண்டு. செய்தியைத் தந்தவரின் இசைவின்றி அதனை மூன்றாமவருக்குக் கொடுக்கலாகாது. வழக்கிலோ வேறு நடவடிக்கையிலோ பயன்படுத்தலாகாது. அனுப்பப்படும் ஒவ்வோர் ஆவணத்திலும் இந்த நிபந்தனை எழுதப்பட வேண்டும். பார்வைக்குச் சிறு குறிப்புத்தான். ஆயினும், தந்தவரின் அதிகாரம் எல்லைக்கு அப்பாலும் செல்லுபடியாவது அதனால்தான்.

கட்டுத் தளர்ந்த நாட்கள்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் எல்லாம் விரைவுபட்டன. 8,891 கிலோமீட்டர் நீளமுள்ள பொது எல்லையை அடைத்துவிட்டால் இரு நாடுகளின் வாணிகமும் முடங்கும். ஆகவே எல்லையைத் திறந்துவைப்பதற்கு ஈடாகச் செய்திகளைத் தாராளமாகப் பகிர்வது என்ற வழி மேற்கொள்ளப்பட்டது. 2001 டிசம்பர் 12 அன்று கனடாவின் ஜான் மான்லியும் அமெரிக்காவின் டாம் ரிட்ஜும் 30 அம்சத் திட்டத்துடன் கூடிய எல்லைப் பிரகடனத்தை வெளியிட்டனர்.

பிரகடனத்திற்கு முன்பே அதிகாரிகள் மட்டத்தில் கட்டுகள் தளர்ந்துவிட்டன. அவசரகாலத்தில் நிபந்தனைக் குறிப்புகள் தேவையில்லை என்ற எண்ணம் கனடாவின் தேசியக் காவல் துறையினரிடம் பரவியது. தேசியப் பாதுகாப்பு வழக்குகளில் போதிய அனுபவமில்லாத ஒரு புலனாய்வுக் குழு, 2002 ஏப்ரலில் தன்னிடமிருந்த தகவல் தொகுப்பு முழுவதையும் மூன்று குறுந்தகடுகளில் பதிந்து அமெரிக்கர்களிடம் கொடுத்தது. நிபந்தனை எதுவும் எழுதப்படவில்லை.

ஒரு பெயரின் பயணம்

அத்தொகுப்பில் மாஹிர் அரார் என்ற பெயர் இருந்தது. சிரியாவில் பிறந்து, பதினேழு வயதில் கனடாவுக்கு வந்து குடியுரிமை பெற்ற பொறியாளர் அவர். புலனாய்வுக்கு உள்ளான ஒருவரை 2001 அக்டோபரில் ஒட்டாவா நகரச் சிற்றுண்டிச் சாலையில் சந்தித்ததே அவர்மீது கவனம் திரும்பக் காரணம். அதே மாதத்தில் அவரையும் அவர் மனைவி மோனியா மாஸிக்கையும், அல்காயிதாவுடன் தொடர்புடையோர் என ஐயுறப்படும் தீவிரவாதிகள் என்று வருணித்து, எல்லையில் கண்காணிக்குமாறு அமெரிக்கச் சுங்கத் துறைக்குக் கனடாக் காவல் துறை எழுதியது. இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

2002 செப்டம்பர் 26 அன்று, தூனிசியாவிலிருந்து இல்லம் திரும்பிக்கொண்டிருந்த அரார் நியூயார்க் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டார். கனடாவுக்கு அனுப்புமாறு அவர் வேண்டியும் பயனில்லை. அமெரிக்க அதிகாரிகள் அவரை ஜோர்தான் வழியாகச் சிரியாவிடம் ஒப்படைத்தனர். மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் கொண்ட நிலவறையில் பத்து மாதங்களுக்கு மேல் அவர் அடைபட்டுக் கிடந்தார்; அடித்துத் துன்புறுத்தப்பட்டார். ஆப்கானிஸ்தானுக்குச் சென்றதாகச் செய்யாததை ஒப்புக்கொண்டார். கைக்குழந்தையும் சிறு மகளும் இருந்த நிலையில், மோனியா அம்மையார் ஒட்டாவாவில் அரசின் கதவுகளைத் தட்டிய வண்ணம் இருந்தார். 2003 அக்டோபரில் அரார் தாயகம் திரும்பினார். அதன் பின்னும் பெயர் கூற விரும்பாத அதிகாரிகள் அவர்மீது அவதூறான செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கசியவிட்டனர்.

விசாரணை கண்ட உண்மை

மக்களின் குரலுக்குச் செவிசாய்த்த கனடா அரசு 2004இல் நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அமெரிக்கா அதில் பங்கேற்க மறுத்தது. 2006 செப்டம்பர் 18 அன்று வெளியான அறிக்கை, அரார் குற்றம் எதுவும் செய்ததாகவோ நாட்டுக்கு அச்சுறுத்தலாக இருந்ததாகவோ சான்று ஏதும் இல்லை என உறுதியாகக் கூறியது. செப்டம்பர் 11 அன்று சான் டியகோவில் இருந்த அவரை, வாஷிங்டன் அருகே இருந்ததாகக் காவல் துறை தெரிவித்ததும் வெளிச்சத்திற்கு வந்தது. அவரை நாடுகடத்தும் முடிவுக்கு இத்தகைய பிழைச் செய்திகளை அமெரிக்கர்கள் நம்பியிருக்கவே பெரிதும் வாய்ப்புண்டு என்று நீதிபதி கருதினார்.

இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டியது, செய்திப் பரிமாற்றத்தையே நிறுத்துமாறு ஓகானர் கூறவில்லை என்பதாகும். அது இன்றியமையாதது என்றே அவர் எழுதினார். அனுப்புமுன் உண்மையையும் பொருத்தத்தையும் ஆராய வேண்டும். நிபந்தனை எழுத வேண்டும். தவறாகப் பயன்படுத்தப்பட்டால் அந்நாட்டுக்கு முறைப்படி ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். சித்திரவதைக்குத் துணையாகும் அபாயமிருந்தால் கொடுக்கவே கூடாது. மதத்தையோ இனத்தையோ வைத்து எவரையும் ஐயுறலாகாது என்பவை அவருடைய பரிந்துரைகளுட் சில.

2006 டிசம்பரில் காவல் துறைத் தலைவர் பதவி விலகினார். 2007 ஜனவரி 26 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் அராரிடம் மன்னிப்புக் கோரி, 1 கோடியே 5 இலட்சம் கனடிய டாலர் இழப்பீடு அறிவித்தார்.

மீண்டும் எழுதப்பட்ட விதிகள்

விசாரணை தொடங்குமுன்பே, 2004 ஜனவரியில் மெக்சிகோவின் மாண்டரே நகரில் இரு அரசுகளும் ஓர் உடன்பாடு கண்டன. ஒரு நாட்டுக் குடிமகனை மற்றொரு நாடு மூன்றாம் நாட்டிற்கு அனுப்ப முற்பட்டால் முன்னதாக அறிவித்துக் கலந்து பேச வேண்டும் என்பது அதன் சாரம். அறிவிப்பது கடமையாயிற்று, அனுப்பாமலிருப்பது கடமையாகவில்லை. நட்பு நாடுகளின் பேச்சுவார்த்தை எட்டக்கூடிய தொலைவும், அதற்கு அப்பால் அது எட்டாமல் நின்றுவிடும் இடமும் இதில் தெரிகின்றன.

அரார் பெயரைக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீக்குமாறு கனடா கேட்டது. 2007இல் அமெரிக்கா மறுத்துவிட்டது. அவர் அமெரிக்காவில் தொடுத்த வழக்கும் தள்ளுபடியாயிற்று. 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. தவறான செய்தியை அனுப்பியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அதைப் பெற்றவர் கையிலிருந்து அச்செய்தியைத் திரும்பப் பெற அவராலும் முடியவில்லை.

ஆயினும் ஒரு பயன் விளைந்தது. பிற நாட்டு அரசுகளின் கொடுமைக்குத் துணைபோகும் வகையில் செய்திகளைக் கொடுப்பதையும் கேட்பதையும் தடுக்கும் சட்டத்தை 2019இல் கனடா நாடாளுமன்றம் இயற்றியது. அதிகாரிகளின் கைக்குறிப்பாக இருந்த கட்டுப்பாடு நாட்டின் சட்டமாக உயர்ந்தது. அதற்கு விலையாக ஒரு மனிதரின் ஓராண்டு வாழ்வு போயிற்று. பயங்கரவாதத்தைத் தடுக்க நாடுகள் தமக்குள் பேசித்தான் ஆக வேண்டும், ஐயமில்லை. அனுப்பப்படும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு வீடும், வழி பார்த்திருக்கும் குழந்தைகளும் உண்டு என்பதை அனுப்புமுன் எண்ணிப் பார்ப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.