பால்வாடி டீச்சரின் சம்பளக் கதை

எனக்கு இடது காது சரியாகக் கேட்காது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ராஜகுளம் பால்வாடி டீச்சர்தான். அப்போது எனக்கு மூன்றரை வயது. யார் எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் நான் வலது பக்கமாகவே திரும்புகிறேன் என்று அவர் கவனித்திருக்கிறார். ஒருநாள் தகர டப்பாவில் புளியங்கொட்டைகளைப் போட்டு, என் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக ஆட்டிப் பார்த்தாராம். சாயங்காலம் கூட்டிப்போக வந்த அம்மாவிடம், “சொன்ன பேச்சு கேக்காத புள்ளன்னு இவன அடிக்காதம்மா. இவனுக்குக் கேக்கவே இல்ல. காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ” என்றார். அதுவரை வீட்டில் எனக்குப் பெயர் ‘திமிர் புடிச்சவன்’.

போன வருஷம் ஊருக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்று சில வருடங்கள் ஆகிவிட்டன. “காது கேக்கலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்களா டீச்சர்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. நூறு புள்ளையப் பாத்தா தெரியாதா?”

பஸ்ஸில் திரும்பும்போது இந்தப் பதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் நூறாவது பிள்ளையாக இருந்ததால் தப்பித்தேன். அப்படியானால் அவருக்கு முன்னால் உட்கார்ந்த முதல் தொண்ணூற்றொன்பது பேர்? அவர்களில் எத்தனை பேர் ‘திமிர் புடிச்சவன்’களாகவே பள்ளிக்கூடத்தை விட்டுப் போனார்கள்? அவருக்கு இதை முதல் வருடமே யாராவது கற்றுக் கொடுத்திருக்கலாம். கற்றுக்கொண்டதற்கு ஏற்ற சம்பளமும் கொடுத்திருக்கலாம். ஏன் இரண்டுமே நடக்கவில்லை என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததில் உருவானது இந்தக் கட்டுரை.

தேடலை உத்திரமேரூரிலிருந்தே தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் வரலாறு என்றாலே அங்கேதான் கூட்டிப் போவார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 920-ஐ ஒட்டிய காலம். குடவோலை முறை. பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். தகுதி என்ற விஷயத்தை அவ்வளவு நுணுக்கமாக எழுதிய கல்வெட்டு வேறு இருக்குமா தெரியாது. கால் வேலி வரிகட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் பயிற்சி. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது, அவன் உறவுக்காரனும் கூடாது. பிரம்மதேய ஊர் என்பதால் இந்தத் தகுதி யாருக்கு வாய்த்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் என்று எல்லாவற்றுக்கும் வாரியம் உண்டு. பிள்ளைகளுக்கு வாரியம் இல்லை. ஆனால் கல்வெட்டில் ஒரு பிள்ளை வருகிறான். குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டுதான் ஓலையை எடுக்கச் சொல்கிறார்கள். அவனுக்கு எதுவும் தெரியாது என்பதுதான் அவனிடம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இன்னும் கொஞ்ச தூரத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழனின் 5-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. கோயிலோடு சேர்ந்த கல்விச்சாலை, விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை. வேதம் சொல்பவருக்கு எவ்வளவு, இலக்கணம் சொல்பவருக்கு எவ்வளவு, வைத்தியருக்கு எவ்வளவு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு எவ்வளவு என்று பதவிவாரியாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சமமான சம்பளம் இல்லை. ஆனால் வேலைக்கு ஒரு பெயர், பெயருக்கு ஓர் அளவு என்ற ஒழுங்கு இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நேராக 1826-க்குத் தாவுகிறேன். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, கலெக்டர்களிடம் திண்ணைப் பள்ளிகளின் கணக்கைக் கேட்டு வாங்கினார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள். பிள்ளைகள் ஐந்து வயதில் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 10-ஆம் தேதிக் குறிப்பில் அவர் சொல்வது: வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, தகுதியுள்ளவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது. தகுதி வேண்டுமென்றால் சம்பளம் வேண்டும் என்ற இந்தக் கணக்கு இருநூறு வருடமாக எழுத்தில் இருக்கிறது.

இனி ஐந்து வயதுக்குக் கீழே. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி சென்னை வந்து இறங்கினார். வயது 69. அருண்டேல் அழைப்பில் அடையாறு பிரம்மஞான சபையில் பயிற்சி வகுப்பு. நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் 300 பேர் அளவுக்கு வந்தார்கள். மறு வருடம் ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டுப் பிரஜையாகிவிட்டார். மகன் மரியோவைச் சிறைவைத்தார்கள்; அவரது எழுபதாவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31 அன்று விடுவித்தார்கள். போர் முடியும்வரை ஊருக்குப் போக முடியாமல் கொடைக்கானலிலும் மற்ற ஊர்களிலும் பயிற்சி நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். 1907-இல் ரோமின் சான் லோரென்சோ என்ற ஏழைப் பகுதியில், வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கியது அந்த முறை. நம் ஊரில் ‘மாண்டிசோரி’ என்பது ஃபீஸ் வாங்கும் பள்ளியின் போர்டில் இருக்கும் சொல். பயிற்சி பெற்றவர்கள் காசுள்ள பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஏழைப் பிள்ளைகளின் பக்கம் வேறு வழியில் வளர்ந்தது. குஜராத்தில் கிஜுபாய் பதேக்காவோடு வேலை செய்த தாராபாய் மோடக், 1945-இல் மகாராஷ்டிராவின் போர்டிக்கும் பிறகு கோஸ்பாடுக்கும் போனார். ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றால் பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்றார். முற்றம் என்றால் ‘அங்கன்’. அங்கன்வாடி என்ற பெயர் அங்கிருந்து வந்தது. பால்வாடியும் அந்தப் பக்கத்துச் சொல்தான். அங்கே ‘பால்’ என்றால் குழந்தை. நாங்கள் ரொம்ப நாள் அங்கே பால் ஊற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கிடைத்தது சத்துமாவு உருண்டை.

அறுபதுகளில் இந்தியக் குழந்தைகள் நலக் கழகம் பாலசேவிகா என்ற பயிற்சியைத் தொடங்கியபோது அதன் காலம் பதினோரு மாதம். 1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு, பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்கு உணவும் மருத்துவமும் கல்வியும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும் என்றது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஐ.சி.டி.எஸ். தொடங்கியது. பயிற்சி மூன்று நான்கு மாதமாகச் சுருங்கியது. பின்னாளில் வேலைப் பயிற்சி 26 நாள். 2023-இல் ‘போஷன் பி, படாய் பி’ என்று வந்த பயிற்சி மூன்றே நாள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கான பயிற்சிதான் அது, ஒப்பிடுவது முழு நியாயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு மாதச் சான்றிதழ், ஒரு வருட டிப்ளமா என்றெல்லாம் சொல்லியிருக்கிறது. முடித்தால் சம்பளம் எவ்வளவு கூடும் என்று அதில் தேடினேன். கிடைக்கவில்லை.

1975-இல் அங்கன்வாடிப் பணியாளருக்கு மாதம் 100 ரூபாய், மெட்ரிக் முடித்திருந்தால் 150, உதவியாளருக்கு 35. அதன் பெயர் சம்பளம் இல்லை, ‘மதிப்பூதியம்’. ஊரிலிருந்தே ஒரு பெண் சேவை மனப்பான்மையோடு சில மணி நேரம் வந்து போவாள் என்பது அதன் பின்னாலிருந்த கற்பனை. இந்தச் சொல்தான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது என்பேன். மதிப்பு கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டே ஊதியத்தைக் குறைக்க இதைவிட நல்ல சொல் கிடைக்காது.

எங்கள் டீச்சர் வந்தது இன்னொரு வாசல் வழியாக. 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமத்தின் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளும் பள்ளிப் பிள்ளைகளும். ஊருக்கு ஊர் மையம் திறக்க ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கான பெண்கள் தேவைப்பட்டார்கள். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. டீச்சருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், கையில் ஒன்றரை வயதுப் பிள்ளை, கணவர் இறந்து ஆறு மாதம். “வேல கெடச்சுதுன்னு சொல்லல ஊர்ல. வழி காட்டிட்டாங்கன்னு சொன்னாங்க” என்றார்.

இந்த ஒரு வரியில் பாதி வரலாறு இருக்கிறது. அந்த முடிவு நல்ல முடிவுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குள் முடங்கவேண்டியிருந்த பெண்கள் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினார்கள், ஊர்க்கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தப் பணம், அவர் செய்த வேலையின் விலையாக இல்லாமல் அவருடைய நிலைமைக்கான உதவியாகப் பார்க்கப்பட்டது. உதவி வாங்குகிறவர் அதிகம் கேட்க முடியாது இல்லையா? திருமுக்கூடல் கல்லில் வேலைக்கு அளவு இருந்தது. இங்கே ஆளின் துயரத்துக்கு அளவு.

சட்டமும் அவருக்கு உதவவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அரசு ‘முயல வேண்டும்’ என்பதோடு அரசியலமைப்பு நிறுத்திக்கொள்கிறது. பிள்ளைக்கு உரிமை இல்லாத இடத்தில் டீச்சர் ‘ஆசிரியர்’ ஆவது எப்படி? 2006 டிசம்பரில் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்கள் வகிப்பது அரசுப் பதவி இல்லை என்றது. 2022 ஏப்ரல் 25 அன்று மணிபென் வழக்கில் அதே நீதிமன்றம், இது பகுதிநேர வேலை இல்லை, இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. நடுவில் பதினைந்து வருடத்துக்கும் மேல்.

தமிழ்நாட்டைப் பற்றி நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பல மாநிலங்களில் இன்னும் மதிப்பூதியம்தான். மத்திய அரசு 2018-இல் உயர்த்தியபிறகும் அது 4,500 ரூபாய். இங்கே சங்கங்களின் தொடர் போராட்டத்தால் சிறப்புக் காலமுறை ஊதியம் வந்தது. 2025 அறிவிப்பின்படி பணியாளருக்கு முதல் ஒரு வருடம் தொகுப்பூதியமாக 7,700, பிறகு 7,700–24,200 என்ற ஏற்றமுறை, உதவியாளருக்கு 4,100-இலிருந்து. அகவிலைப்படி தனி. ‘சிறப்பு’ என்ற சொல் எதற்கு என்று கேட்டால், முழு ஊதியம் இல்லை என்று அர்த்தம்.

2019 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. என் அக்கா மகள் அப்படி ஒன்றில் சேர்ந்தாள். பாடம் நடத்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். அவர்களின் அடிப்படை ஊதியம் 20,600. நாங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து நடத்தப் பயிற்சி பெற்றவர்கள், மழலையருக்கான பயிற்சி எங்களுக்கு இல்லை என்று அவர்களில் சிலர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். அவர்கள் வாதத்தில் தப்பில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது தனி வித்தை என்பதை ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னாரே என்று எனக்குச் சந்தோஷம்கூட. ஆனால் அந்த வித்தையை முப்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தவர் அதே அறையின் மூலையில் முட்டையை எண்ணிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 2022-இல் அந்த வகுப்புகளை மூடுவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் தொடரும் என்றார்கள். புதிதாகத் தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் வந்தார்கள், ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள். தொகுப்பூதியம் 5,000. ஆக, மூன்றே வருடத்தில் அதே பிள்ளைகளுக்கு அதே ‘அ’னாவைச் சொல்லிக் கொடுப்பதன் விலை 20,600-இலிருந்து 5,000-க்கு இறங்கியது. வேலை மாறவில்லை.

சிறு பிள்ளைகளுக்குச் செலவழிக்கும் ஒரு ரூபாய் பல ரூபாயாகத் திரும்பும் என்று பொருளாதாரக்காரர்கள் சொல்வார்கள். அதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று அமெரிக்காவின் மிச்சிகனில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி பள்ளிச் சோதனை. அங்கே பாடம் நடத்தியவர்கள் முறையாகச் சான்றிதழ் பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்கள். நம் கருத்தரங்குகளில் அந்த வரவுக் கணக்கு மட்டும் வருகிறது, ஆசிரியர் யார் என்பது வருவதில்லை. நியூசிலாந்தில் மழலையர் பள்ளி ஆசிரியர்கள் 2002-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இணையான சம்பளத்தை வாங்கினார்கள். செய்யவே முடியாத காரியம் இல்லை.

நான் பார்த்தபோது டீச்சருக்கு மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. இங்கேயும் ‘சிறப்பு’. கடைசி வருடங்களில் அவரைப் படுத்தியது பிள்ளைகள் இல்லை, செல்போன். “புள்ளைங்க முகத்தப் பாக்கறதா, செல்ல நோண்டறதா? டவர் கெடைக்கலன்னா மொட்ட வெயில்ல வெளிய நிக்கணும்” என்றார். நான் போயிருந்தபோது அவர் மருமகள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். 2025 ஏப்ரலில் அறிவித்த 7,783 அங்கன்வாடி காலியிடங்களுக்கானது. பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு போதும். அவர் ஆசிரியர் பயிற்சியும் முடித்திருந்தார்.

“கெடச்சா போவியாம்மா?” என்று டீச்சர் கேட்டார்.

“போவேன் அத்தை. வேற என்ன இருக்குது?”

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை வாங்கி ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். விதவை, கணவனால் கைவிடப்பட்டவர், ஆதரவற்றவர் என்று இருந்த இடத்தில் விரல் நின்றது.

“இது இன்னும் கேக்கறாங்களா?” என்றார்.

மருமகள் படிவத்தைத் திரும்ப வாங்கி, அந்த இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினார்.