வெறும் வயிற்றில் அளக்கப்படும் நோய்: குடல் அழற்சியும் இயலாமைச் சான்றிதழும்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல உடம்புக்காரருக்கே வயிற்றைப் புரட்டும். குடல் அழற்சி நோய் முற்றி, நாளுக்குப் பத்துத் தடவை ரத்தமும் சளியுமாகப் போகும் ஒரு காபித் தோட்டத் தொழிலாளி, சான்றிதழ் கேட்டுச் சேலம் அரசு மருத்துவமனைக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். முந்தின நாள் மதியத்தோடு அவர் சாப்பாட்டை நிறுத்திவிடுவார், தண்ணீரையும் குறைத்துக்கொள்வார். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவதைவிடப் பட்டினி தேவலை. மருத்துவர் முன் உட்காரும்போது கை, கால், கண் எல்லாம் சரியாக இருக்கும். நோய் வெளியே தெரியாது. தெரியாதபடி அவரே அதை அடக்கி வைத்திருக்கிறார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995 சட்டத்தில் 7ஆக இருந்த இயலாமை வகைகளை 21ஆக உயர்த்தியது. குடல் அழற்சியின் வகைகளான கிரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் அதில் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 2(எஸ்) நோயின் பெயரையே கேட்பதில்லை. நீண்டகாலக் குறைபாடு ஒன்று சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து ஒருவரைப் பிறருக்குச் சமமாக வாழவிடாமல் செய்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் பார்வையும் இதுதான். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. இடஒதுக்கீடு போன்ற பயன்களுக்குப் பட்டியலில் பெயரும் 40 விழுக்காடும் வேண்டும். மத்திய அரசின் இந்திரா காந்தி இயலாமை ஓய்வூதியத்துக்கு 80. வரையறை தடையைப் பேசுகிறது, சான்றிதழ் உடம்பை மட்டும் அளக்கிறது என்பதே என் வாதம்.

அந்தத் தடை என்னவென்று ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவில் நின்றால் புரியும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே கழிப்பிட வசதியை வலியுறுத்தியது. குடியிருப்புக்குப் பக்கத்தில் கட்டிய கழிப்பறை, பழம் பறிக்கும் சரிவில் நிற்பவருக்கு எதற்கு உதவும்? சில்வர் ஓக் மரத்தடிதான் கதி. பெண்ணென்றால் அதுவும் துணைக்கு ஆள் இருந்தால்தான். எடைக்குக் கூலி என்றால் ஒதுங்கும் ஒவ்வொரு தடவையும் கூலி குறையும். இதற்கு எந்த மருத்துவர் எத்தனை விழுக்காடு போடுவார்?

மருத்துவக் கோப்பும் அந்தத் தொழிலாளிக்கு எதிராகவே இருக்கும். குடல் காசநோயும் கிரோன் நோயும் திசுப் பரிசோதனையில்கூட ஒன்றுபோலத் தெரியக்கூடியவை. அதனால் நம் நாட்டில் முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். தவறில்லை, ஆனால் அந்த மாதங்களின் சீட்டுகளில் எல்லாம் வேறொரு நோயின் பெயர்தான் எழுதியிருக்கும்.

ஏறி இறங்கும் நோய்க்கு எப்படி விழுக்காடு போடுவது என்ற மறுப்பு எழும். வலி அலையலையாக வந்து போகும் அரிவாள் செல் நோயும், ரத்தக்கசிவு வந்து வந்து போகும் ஹீமோபிலியாவும் 21க்குள் ஏற்கெனவே இருக்கின்றன. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு விதிகளில் குடல் அழற்சிக்கு 5.06 என்று தனிப் பதிவே உண்டு. ரத்தசோகையை அங்கே ஒரே நாளில் தீர்மானிப்பதில்லை. குறைந்தது 60 நாள் இடைவெளியில் இரண்டு முறை ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். தாராளமான விதி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் காலத்தை அது கணக்கில் எடுக்கிறது.

மத்திய அரசு அறிவிக்கும் வேறு வகைகளையும் சேர்க்கலாம் என்று நம் பட்டியலின் கடைசி வரி இடம் தருகிறது. குடல் அழற்சியைச் சேர்க்கட்டும். அளவீடு மாறாமல் பெயரை மட்டும் சேர்த்தால், நம் தொழிலாளி பட்டினி கிடந்து போய் 20 விழுக்காட்டோடு திரும்புவார். விகாஸ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், 40 விழுக்காட்டை எட்டாதவருக்கும் நியாயமான வசதி உரிமை உண்டு என்றது. கழிப்பறைக்கு அருகே இருக்கை கேட்கும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு அந்தத் தீர்ப்பு கைகொடுக்கலாம். தோட்டத்துக்கு அது ஏறி வர நாளாகும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஓராண்டுப் பதிவைச் சான்றாக ஏற்பது. எடையும் ஹீமோகுளோபினும் மலைமேலேயே பார்க்கக்கூடியவை. எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்பது தோட்டத்துச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது.