கேரவன் வாகனத்தின் நன்னீர் அமைப்பு: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

அறிமுகம்

படுக்கை, சமையல் மேடை, குளியலறை ஆகியவற்றைத் தன்னுள்ளேயே கொண்ட பயண ஊர்தி கேரவன் எனப்படுகிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் இத்தகைய ஊர்தியில் குடும்பமாக விடுமுறைப் பயணம் மேற்கொள்வது வழக்கம். அந்நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களும், பிள்ளைகளைக் காணச் செல்லும் முதிய பெற்றோரும் இப்பயணங்களில் பங்கேற்கின்றனர். நாள்தோறும் மருந்து உட்கொள்பவர்களுக்கும் உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கும் விடுதியைவிடக் கேரவன் வசதியாக அமைவதுண்டு.

எனினும், இவ்வூர்தியில் நீங்கள் பயன்படுத்தும் நீர் வீட்டுக் குழாய் நீரைப் போன்றதன்று. அது ஒரு சிறு தொட்டியில் நாள் கணக்கில் தேங்கி நின்று, பின்னர் உங்களிடம் வருகிறது. உடல்நலமுள்ள ஒருவருக்கு இதனால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவருக்கு இதே நீர் கடும் தொற்றை உண்டாக்கக்கூடும். அதனைத் தவிர்க்கும் முறைகளை இப்பக்கம் விளக்குகிறது.

நன்னீர் அமைப்பு என்பது யாது?

பின்வரும் பகுதிகள் அனைத்தும் சேர்ந்ததே நன்னீர் அமைப்பு: நீர் நிரப்பும் வாய், நெகிழியாலான நன்னீர்த் தொட்டி, நீரை உந்தும் பம்பு, வடிகட்டி, வெந்நீர்க் கலன், சமையலறைக் குழாய், குளியல் தூவி, இவற்றை இணைக்கும் குறுங்குழாய்கள். கழிவுநீர்த் தொட்டிகள் இதனினின்று வேறானவை. தொட்டியை மட்டும் கழுவினால் அமைப்பு தூய்மையாகிவிட்டதாகக் கொள்ளக்கூடாது. குழாய்களின் உட்சுவரிலும் தூவியின் துளைகளிலும் படியும் வழுவழுப்பான படலத்தில்தான் நுண்ணுயிர்கள் நிலைத்து வாழ்கின்றன.

நல்ல நீர் ஏன் கெடுகிறது?

நகராட்சி நீரில் நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்தக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அந்நீர் தொட்டியில் தேங்கும்போது குளோரின் சிறிது சிறிதாகக் குறைகிறது. வெயிலில் நிறுத்தப்பட்ட ஊர்தியில் நீர் சூடேறுகிறது. பயணம் முடிந்தபின் தொட்டி வாரக்கணக்கில் அசைவின்றிக் கிடக்கிறது. தேக்கம், வெப்பம், குளோரின் இழப்பு ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போது நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. எனவே, நிரப்பிய நாளில் நீர் தூய்மையாக இருந்தது என்பது பின்னாளில் அதனைப் பயன்படுத்துவதற்குப் போதிய உறுதியாகாது. நீரின் நிறமும் மணமும் இயல்பாக இருப்பதும் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

இதனால் வரக்கூடிய நோய்கள்

வயிற்றுப்போக்கு: மாசடைந்த நீரைக் குடிப்பதாலும், அந்நீரில் காய்கறிகளையும் பாத்திரங்களையும் கழுவுவதாலும் ஏற்படுகிறது. முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் நீரிழப்பு விரைவில் ஆபத்தாகலாம்.

லெஜியோனெல்லா நுரையீரல் அழற்சி: 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் நடைபெற்ற முன்னாள் படைவீரர் மாநாட்டில் பலர் நோயுற்றபோது இந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது. இக்கிருமி 20 முதல் 45 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் பெருகும். குளியல் தூவியிலிருந்து எழும் நுண்துளிகளை மூச்சுடன் உள்ளிழுக்கும்போது நுரையீரலை அடையும்.

மூளைத் தொற்று: நெக்லேரியா ஃபவுலெரி என்னும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடியது. இந்நீரைக் குடிப்பதால் நோய் வருவதில்லை; மூக்கின் வழியாக நீர் ஏறும்போது அமீபா மூளையை அடைகிறது. இது மிக அரிதானது. ஆயினும் பெரும்பாலும் உயிரிழப்பில் முடிவது. 2024-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கேரவனின் குழாய் நீரைக் கொதிக்க வைக்காமல் மூக்கைக் கழுவப் பயன்படுத்திய 71 வயதுப் பெண் ஒருவர் இத்தொற்றால் உயிரிழந்தார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் இதனை 2025-ஆம் ஆண்டு வெளியிட்டது. ஜலநேதி செய்யும் பழக்கமுடையோர் இதனைச் சிறப்பாகக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

யார் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்?

• 50 வயதைக் கடந்தவர்கள், புகைபிடிப்பவர்கள்
• ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள்
• நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் நோய் உள்ளவர்கள்
• புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள்
• உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஸ்டீராய்டு முதலான எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள்
• கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள்

மேற்கண்ட எவரேனும் உங்களுடன் பயணம் செய்வாராயின், புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் கலந்தாலோசியுங்கள்.

எப்போது கிருமி நீக்கம் செய்ய வேண்டும்?

புதிதாக வாங்கிய அல்லது வாடகைக்கு எடுத்த ஊர்தியை முதன்முதலில் பயன்படுத்தும்போதும், நெடுநாள் நிறுத்தி வைத்தபின் மீண்டும் எடுக்கும்போதும், நீரில் வேண்டாத மணமோ சுவையோ தோன்றும்போதும், ஐயத்திற்குரிய நீரை நிரப்பிவிட்டபோதும் முழு அமைப்பையும் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். வாடகை ஊர்தியாயின், கடைசியாக எந்த நாளில் இப்பணி செய்யப்பட்டது என உரிமையாளரிடம் கேளுங்கள். தெளிவான விடை கிடைக்காவிடில், செய்யப்படவில்லை என்றே கொள்ளுங்கள்.

கிருமி நீக்கம் செய்யும் முறை

இப்பணியை நோயாளி செய்யாமல், உடல்நலமுள்ள ஒருவர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கதவுகளையும் சன்னல்களையும் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். மணமோ கெட்டிப்படுத்தும் பொருளோ சேர்க்கப்படாத, சோடியம் ஹைப்போகுளோரைட் மட்டுமே கொண்ட வீட்டுப் பயன்பாட்டுப் பிளீச் திரவத்தைப் பயன்படுத்துங்கள். பிளீச்சிங் பவுடர் கரையாத மண்டியை விட்டுச் செல்லுமாதலால் இதற்கு ஏற்றதன்று.

அளவு: 5 விழுக்காடு செறிவுள்ள பிளீச் திரவமாயின், தொட்டியின் ஒவ்வொரு லிட்டர் கொள்ளளவுக்கும் 1 மில்லிலிட்டர். அதாவது, 100 லிட்டர் தொட்டிக்கு 100 மில்லிலிட்டர். இதனால் லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். செறிவு 10 விழுக்காடாயின் இதில் பாதியளவு போதும். செறிவையும் காலாவதி நாளையும் புட்டியின் மேலுள்ள சீட்டில் பாருங்கள். பழைய திரவம் வீரியம் இழந்திருக்கும்.

1. வெந்நீர்க் கலனை அணைத்து, முற்றிலும் ஆறவிடுங்கள். கலன், தொட்டி, குழாய்கள் ஆகியவற்றிலுள்ள பழைய நீர் முழுவதையும் வெளியேற்றுங்கள். சில வகைக் கலன்களின் உலோகத்தைக் குளோரின் அரிக்குமாதலால், தயாரிப்பாளரின் கையேட்டை முதலில் படியுங்கள்.
2. வடிகட்டியின் உள்ளுறையைக் கழற்றி விடுங்கள். கரி வடிகட்டி குளோரினை ஈர்த்துக்கொள்ளும்.
3. தொட்டியில் பாதியளவு நல்ல நீரை நிரப்புங்கள். அளந்த பிளீச் திரவத்தை ஒரு வாளி நீரில் கலந்து தொட்டியில் ஊற்றி, பின்னர் தொட்டியை முழுவதும் நிரப்புங்கள்.
4. பம்பை இயக்கி, ஒவ்வொரு குழாயாகத் திறவுங்கள். குளிர்நீர், வெந்நீர், குளியல் தூவி, வெளிப்புறத் தூவி என எதையும் விடாமல், குளோரின் மணம் வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள்.
5. குறைந்தது 4 மணி நேரம் அப்படியே விடுங்கள். இந்நேரத்தில் எவரும் அந்நீரைப் பயன்படுத்தாதவாறு குழாய்களின் அருகே எழுதி ஒட்டுங்கள்.
6. நீர் முழுவதையும் கழிவுநீர் வெளியேற்ற அனுமதிக்கப்பட்ட இடத்தில் விடுங்கள். ஓடையிலோ ஏரியிலோ விட்டால் மீன்கள் மடியும்.
7. நல்ல நீரால் தொட்டியை மீண்டும் நிரப்பி, எல்லாக் குழாய்களையும் ஓடவிட்டு வெளியேற்றுங்கள். கடும் குளோரின் மணம் நீங்கும்வரை இதனை இரண்டு அல்லது மூன்று முறை செய்யுங்கள்.
8. புதிய வடிகட்டி உள்ளுறையைப் பொருத்தி, நாளைக் குறித்து வையுங்கள்.

எச்சரிக்கை: பிளீச் திரவத்தை வினிகர், எலுமிச்சை, கழிவறை தூய்மையாக்கும் அமிலம் ஆகியவற்றுடன் ஒருபோதும் கலக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான குளோரின் வாயு வெளிப்படும். குளியல் தூவியிலுள்ள உப்புப் படிவை நீக்க வினிகர் பயன்படுத்துவதாயின், அதனைக் கழற்றி, வேறொரு நேரத்தில் தனியே ஊறவைத்து நன்கு அலசுங்கள்.

நீர் நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை

• குடிநீருக்கெனக் குறிக்கப்பட்ட குழாயிலிருந்து மட்டுமே நிரப்புங்கள். கழிவுநீர்த் தொட்டியை அலசுவதற்கான குழாய் பல முகாம்களில் அருகிலேயே இருக்கும். பலகையைப் படித்துப் பாருங்கள்.
• குடிநீருக்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்ட ரப்பர் அல்லது நெகிழிக் குழாயைப் பயன்படுத்துங்கள். தோட்டக் குழாய் வேண்டாம்.
• குழாயின் முனை தரையில் படக்கூடாது. பயன்படுத்தியபின் நீரை வடித்து, இரு முனைகளையும் மூடி வையுங்கள்.
• நிரப்புவதற்கு முன் முகாமின் குழாய்முனையைத் துடைத்து, ஒரு நிமிடம் நீரை ஓடவிடுங்கள்.
• சோதனைப் பட்டையால் குளோரின் அளவைப் பாருங்கள். குடிநீரில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோல்.
• கழிவுநீர்க் குழாயைக் கையாண்ட கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே நன்னீர்க் குழாயைத் தொடுங்கள்.

பயணத்தின்போது

தொட்டி நீரை நெடுநாள் வைத்திராமல், தேவையான அளவே நிரப்பி அடிக்கடி மாற்றுங்கள். ஊர்தி சில நாள் பயன்பாட்டில் இல்லையெனில், குளிப்பதற்கு முன் தூவியை ஒரு துணிப்பையால் மூடி, நீரைச் சில நிமிடம் ஓடவிடுங்கள்; அப்போது நோயாளி அருகில் இருக்க வேண்டாம். வெந்நீர்க் கலனின் வெப்பம் 60 பாகை செல்சியஸுக்குக் குறையாமலிருந்தால் லெஜியோனெல்லா பெருகாது. ஆனால், அவ்வெப்பமுள்ள நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கும். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. எனவே, பராமரிப்பாளர் குளிர்நீர் கலந்து, தம் கையால் சோதித்த பின்னரே நோயாளியைக் குளிக்கச் செய்ய வேண்டும்.

பயணம் முடிந்ததும் தொட்டி, கலன், குழாய்கள் அனைத்தையும் வடித்து விடுங்கள். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் உறைதடுப்புத் திரவம் இடுவதாயின், குடிநீர் அமைப்புக்கென விற்கப்படும் வகையை மட்டுமே பயன்படுத்துங்கள். ஊர்தி எஞ்சினுக்கான திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் இருக்கலாம், அது நச்சு.

நோயாளியின் தேவைகளுக்கு எந்த நீர்?

கிருமி நீக்கம் செய்யப்பட்ட அமைப்பிலிருந்து வரும் நீரும் நுண்ணுயிரற்ற நீர் அன்று. பின்வரும் தேவைகளுக்குத் தொட்டி நீரை நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள்.

குடிப்பதற்கும் மருந்து உட்கொள்வதற்கும்: எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் நன்கு கொதித்து ஆறிய நீரையோ முத்திரையிடப்பட்ட புட்டி நீரையோ பருக வேண்டும். நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதிகளில் 3 நிமிடம்.

குழந்தைக்கான பால்மாவுக்கு: கொதித்த நீர் 70 பாகை செல்சியஸுக்குக் குறையுமுன் கலந்து, பின்னர் ஆறவைத்துக் கொடுங்கள்.

மூக்கு கழுவுவதற்கும் ஜலநேதிக்கும்: வாலை வடிநீர், நுண்ணுயிரற்ற நீர், கொதித்து ஆறிய நீர் ஆகியவற்றுள் ஒன்று மட்டுமே.

உறக்க மூச்சுக் கருவியின் ஈரமூட்டிக்கு: வாலை வடிநீர். எஞ்சிய நீரை நாள்தோறும் கொட்டிவிட்டுக் கலத்தை உலரவிடுங்கள்.

நெபுலைசருக்கு: மருத்துவர் பரிந்துரைத்த நுண்ணுயிரற்ற கரைசல் மட்டுமே. அலசுவதற்கும் நுண்ணுயிரற்ற நீரையோ கொதித்து ஆறிய நீரையோ பயன்படுத்துங்கள்.

தொடுவில்லைகளுக்கு: அவற்றுக்கான கரைசல் மட்டுமே. குளிக்குமுன் கழற்றி விடுங்கள்.

புண், மூச்சுக்குழல் துளை, மைய இரத்தக்குழாய்ச் செருகி: தொட்டி நீர் படாமல் காத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்கள்: தங்கள் சிகிச்சைக் குழுவின் ஏற்பாடின்றிக் கேரவன் நீரைக் கருவியுடன் இணைக்கக் கூடாது. நீரிலுள்ள குளோரின் சேர்மங்கள் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

கரி வடிகட்டி மணத்தையும் சுவையையும் சீராக்குமேயன்றிக் கிருமிகளை முழுமையாக நீக்காது. மாற்றாமல் விடப்பட்ட வடிகட்டியிலேயே கிருமிகள் பெருகலாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

பயணத்தின்போதோ, பயணம் முடிந்த 2 வாரங்களுக்குள்ளோ காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், தசைவலி தோன்றினால் உடனே மருத்துவரை அணுகி, கேரவனில் தங்கியதையும் அதில் குளித்ததையும் கூறுங்கள். லெஜியோனெல்லாவைக் கண்டறியத் தனிச் சோதனை தேவைப்படுமாதலால், இத்தகவல் சிகிச்சையை விரைவுபடுத்தும்.

கீழ்க்கண்டவை அவசர நிலைகளாகும்:

• மூக்கில் நீர் ஏறிய சில நாள்களில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம்
• புற்றுநோய் மருந்துச் சிகிச்சை பெறுபவருக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல்
• இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, சிறுநீர் மிகக் குறைதல், எழ இயலாத சோர்வு

வயிற்றுப்போக்கு தொடங்கியவுடன் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொதித்து ஆறிய நீரில் கலந்து கொடுங்கள். நீர் அருந்தும் அளவில் கட்டுப்பாடு உள்ள இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் சரிபார்க்க

அமைப்பு கிருமி நீக்கம் செய்யப்பட்ட நாள், வடிகட்டி மாற்றிய நாள், தொட்டி கடைசியாக நிரப்பப்பட்ட நாளும் இடமும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஊர்தியில் ஒட்டுங்கள். பயண நாள்களுக்குப் போதுமான வாலை வடிநீரும், நீர் கொதிக்க வைக்கும் கலனும், மருந்துச் சீட்டின் நகலும் உடன் இருக்கட்டும். இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுவானவை. உங்கள் மருத்துவர் தனியே வழங்கியுள்ள அறிவுரை இவற்றினின்று வேறுபடின், அவ்வறிவுரையையே பின்பற்றுங்கள்.